கடைசி ரீல் பற்றி டி.கே. ஏரியாவிலிருந்து ஒரு மடல்

தமிழ்ப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், பணம் போடும் தயாரிப்பாளர்களுக்கும், கதை விவாதத்தில் உட்கார்ந்துகொண்டு “இதெல்லாம் பி, சி சென்டர்ல எடுபடாது சார்” என்று சொல்கிற அத்தனை பேருக்கும்,

வணக்கம்.

நீங்கள் சி சென்டர் என்று சொல்கிற சின்ன ஊர் ஒன்றிலிருந்துதான் எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கால்வாய் ஓரமாக ஒரு தியேட்டர் இருந்தது. இப்போது அது கல்யாண மண்டபம். திரை தொங்கிய இடத்தில் மணமேடை. என் ஆபரேட்டர் ரூமில் அண்டாவும் ஜமுக்காளமும் அடைத்து வைத்திருக்கிறார்கள். 1981-லிருந்து 2008 வரை அந்த ரூமில் நான் படம் ஓட்டினேன். உங்கள் வியாபாரக் கணக்கில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருப்பீர்களே, அதில் திருநெல்வேலி, கன்னியாகுமரி இரண்டும் சேர்ந்தது டி.கே. ஏரியா. அதன் வாலில் நாங்கள். பட்டணத்தில் ஓடிக் களைத்து, திருநெல்வேலி ரத்னா, பார்வதி, பூர்ணகலா என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, கீறல் விழுந்து திரை பூராவும் மழை பெய்கிற பிரிண்ட்டாகத்தான் படப்பெட்டி எங்களுக்கு வந்து சேரும்.

ஒரு படம் பத்து நாள் நின்றால் இருபது காட்சிக்கு மேல். அத்தனையிலும் கடைசி ரீலை நான் பார்த்தாக வேண்டும், புரொஜெக்டருக்கு வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சியை இடைவெளி பார்த்துத் தள்ளிக்கொண்டே. நீங்கள் எடிட்டிங் டேபிளில் உங்கள் கிளைமாக்ஸை நூறு முறை பார்த்திருப்பீர்கள். நான் இருபது முறைதான். ஆனால் முன்னால் நானூறு பேரை உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த மடல்.

படம் எப்படி என்று எனக்குச் சொன்னது சைக்கிள் ஸ்டாண்ட். என் ரூமுக்கு முன்பக்கம் திரையைப் பார்க்க ஒரு சதுர ஓட்டை, பின்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கடைசி ரீல் பத்து நிமிஷம் ஓடும். படம் நல்லபடியாக முடிகிறது என்றால் திரை வெள்ளையாகிற வரைக்கும் கீழே ஒரு சத்தமும் இருக்காது. முடிவு சொதப்பல் என்றால் ரீல் பாதி ஓடுவதற்குள் ‘டக், டக்’கென்று சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டி எடுக்கிற சத்தம் ஆரம்பித்துவிடும். ஸ்டாண்டுக்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்: “என்னவே, வில்லனைப் புடிச்சாச்சா? ஆளு வர ஆரம்பிச்சிட்டு!” பாவம், அவர் ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. எல்லாப் படமும் முடிகிற நேரம்தான் அவருக்கு வியாபார நேரம். டோக்கன் திரும்பி வருகிற வேகத்தை வைத்தே படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். அவர் தீர்ப்பு தப்பி நான் பார்த்ததில்லை.

மோசமான படத்துக்கு இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வருத்தம் கிடையாது. அது இடைவேளை முறுக்கோடேயே தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஜனத்தைக் கட்டிப் போட்ட படத்துக்குக் கேட்கும் பாருங்கள், அதுதான் தாங்காது. அவ்வளவு நேரம் ஒரு குடும்பம், அதற்குள் ஒரு சண்டை, ஒரு பெண்ணின் மனக்கஷ்டம் என்று அழகாகப் போய்க்கொண்டிருக்கும். பதிமூணாவது ரீல் தாண்டியதும் திடீரென்று ஒரு குடோன். தகர டிரம், மரப்பெட்டி, மேலேயிருந்து தொங்கும் சங்கிலி. அம்மாவைத் தூணில் கட்டியிருப்பார்கள். குடும்பக் கதைக்குள் குடோன் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கக்கூடாது. எல்லாச் சண்டையும் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்குவார் இன்ஸ்பெக்டர். ஒருத்தனை இரண்டு பெண்கள் விரும்புகிற கதை என்றால் இன்னும் சுலபம், யாராவது ஒருத்தி குறுக்கே பாய்ந்து குண்டை வாங்கிக்கொள்ள வேண்டியது. எந்தப் பெண் என்று எங்கள் டிக்கெட் கிளார்க் முதல் பாட்டிலேயே சொல்லிவிடுவார். ஒருநாள் கணக்கு முடித்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “மூணு மணி நேரம் மனுசியா இருந்தவ, கடைசி மூணு நிமிசத்துல இடைஞ்சலாயிட்டா.”

இதற்கெல்லாம் நீங்கள் சொல்கிற காரணம் ஒன்றுதான். சோகமாக முடித்தால் கிராமத்து ஜனம் ஏற்காது; பதில் சொல்லாமல் முடித்தால் அவர்களுக்குப் புரியாது; நாயகன் செத்தால் திரையைக் கிழிப்பார்கள். ஆக, பழி எங்கள் தலையில்.

‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்தது. எங்களிடம் பெட்டி வர அடுத்த வருஷம் ஆகிவிட்டது. அந்த ரயில் நிலையத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அவளைச் சிரிக்க வைத்த குரங்குச் சேட்டையையெல்லாம் அவன் மறுபடி செய்து காட்டுகிறான், நினைவு திரும்பிவிட்ட அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம், ரயில் போய்விடுகிறது. முதல் நாள் தரை டிக்கெட்டிலிருந்து ஒருத்தன் எழுந்து நின்று, “ஏ பிள்ளா, அவனைப் பாரு! நல்லாப் பாரு!” என்று கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டுக் கதவையும் திறந்தாயிற்று. கூட்டம் அசையவில்லை. ஸ்டாண்டுக்காரர் கீழேயிருந்து, “என்னவே, கரண்டு போயிட்டா?” என்றார்.

முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு ராத்திரி ஆட்டத்துக்கு வருவார்கள். அந்தப் படத்துக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வந்த அக்கா ஒருத்தியிடம் கேட்டேன், அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் இல்லையா என்று. இலைத்தூள் படிந்த விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அவளுக்குத் தெரிஞ்சிருந்தா நாங்க நிம்மதியாப் போயி ஒறங்கியிருப்போம்யா. தெரியாமப் போயிட்டாளே, அதுனாலதான திரும்ப வாரோம்.” எழுதப் படிக்கத் தெரியாதவள். உங்கள் கதை விவாதத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

‘16 வயதினிலே’ அதற்கும் முன்னால், 1977. மயிலு ஸ்டேஷனில் காத்துக்கொண்டு நிற்பதோடு படம் முடிந்துவிடுகிறது. சப்பாணி வந்தானா இல்லையா என்று சொல்லவேயில்லை. யாராவது புரியவில்லை என்றார்களா? ‘சேது’ 1999-ல் வந்தபோது, இந்தச் சோக முடிவை வைத்துக்கொண்டு யார் வாங்குவார்கள் என்று விநியோகஸ்தர்கள் கைவிரித்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பகல் காட்சியில் தொடங்கி, பார்த்தவர்கள் வாய்மொழியாலேயே ஓடியது அது. வாங்க மறுத்தவர்கள் அன்றைக்கும் எங்களைத்தான் காட்டியிருப்பார்கள்.

எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட்டுவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. நானும் ஒரு படத்தின் முடிவைக் கெடுத்திருக்கிறேன். கத்தரிக்கோலால்.

எண்பதுகளின் கடைசி. பெரிய நடிகர் படம், பெயர் வேண்டாம். கடைசியில் கத்திக்குத்துப் பட்டுச் செத்துப்போவார். கதைப்படி அவர் சாகத்தான் வேண்டும், முதல் ரீலிலேயே அதற்கு விதை போட்டிருப்பார்கள். முதல் காட்சியில் மன்றத்துப் பையன்கள் இரண்டு பெஞ்சை உடைத்துவிட்டார்கள். உடைத்தது பதினைந்து பேர். மீதி நானூறு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள். முதலாளி கண்ணுக்குத் தெரிந்தது பெஞ்சு மட்டும்தான். மேலே ஏறி வந்து, “செத்த எடத்தை வெட்டிரு” என்றார். முதலாளி சொல்லுக்கு மறுபேச்சு ஏது? கத்தி உள்ளே இறங்குவதற்கு முன்னாலிருந்து ‘வணக்கம்’ கார்டு வரைக்கும் வெட்டிச் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். மூன்று நிமிஷம். நிமிஷத்துக்கு 90 அடி வீதம் 270 அடி பிலிம்.

ராத்திரி ஆட்டம். நாயகர் வில்லனை அடித்துப் போட்டுவிட்டுத் திரும்பிச் சிரிக்கிறார், ‘வணக்கம்’. ஒரு நிமிஷம் கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏல ஆபரேட்டர், மிச்சத்த எங்கல?” இன்னொருத்தன்: “எங்க அக்கா மேட்னியில அழுதுட்டு வந்திருக்கா, எனக்கு மட்டும் சிரிச்சமேனிக்குப் போட்டு அனுப்புதியோ?” செருப்பு ஒன்று பறந்து வந்து என் சதுர ஓட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது. காசு கொடுத்தது சாவுக்கும் சேர்த்துத்தான் என்று அவர்கள் சொன்னதாக எனக்குப் பட்டது.

மறுநாள் காலையில் பிளேடால் மருந்துப் பூச்சைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, திரும்ப ஒட்டினேன். ஒட்டும்போது இரண்டொரு பிரேம் போகத்தான் செய்யும். அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் படம் ஒரு குதி குதிக்கும், சத்தத்தில் ‘டொக்’ என்று கேட்கும். கத்தி ஓங்குகிறான், டொக், கத்தி உள்ளே இருக்கிறது. அந்தப் பெட்டி எங்களிடமிருந்து ஆலங்குளம் போயிற்று. அங்கே பார்த்தவர்களுக்கும் என் ‘டொக்’ கேட்டிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ மறுவெளியீடு என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த பிஸ்கட் டின்தான் ஞாபகம் வந்தது. 2013-ல் இந்தியில் வந்த ‘ராஞ்சணா’வின் தமிழ் வடிவம் அது. முடிவில் தனுஷ் செத்துப்போவார். மறுவெளியீட்டில் செயற்கை நுண்ணறிவை வைத்து அவரைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் தங்கள் சம்மதம் இல்லை, படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். நான் கத்தரிக்கோலால் செய்ததை இவர்கள் கம்ப்யூட்டரால் செய்திருக்கிறார்கள். என்னுடையதில் ‘டொக்’ என்றாவது கேட்டது. இதில் ஒட்டுக்கூடத் தெரியாதாம்.

என் பேரன் ஒரு நாள் யூடியூபில் பழைய ஜெர்மன் படம் ஒன்று காட்டினான். 1924-ல் முர்னாவ் எடுத்த ஊமைப் படம். பெரிய ஹோட்டல் வாசலில் பகட்டான உடுப்போடு நிற்கும் காவலாளி. வயசாகிவிட்டதென்று உடுப்பைப் பிடுங்கிக் கழிப்பறை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கழிப்பறை நாற்காலியில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார் கிழவர். அங்கே படம் முடிந்தாயிற்று. அப்புறம் ஒரு கார்டு வருகிறது: நிஜத்தில் கதை இங்கேதான் முடியும், கதாசிரியருக்குப் பாவமாக இருக்கிறது, அதனால் நடக்காத ஒன்றைச் சேர்த்திருக்கிறார் என்கிற மாதிரி. உடனே கிழவருக்கு ஒரு கோடீஸ்வரன் சொத்து வந்துவிடுகிறது! மனுஷன் கூட்டத்துக்காக முடிவை மாற்றினாரோ என்னவோ, மாற்றியிருக்கிறேன் என்று கார்டு போட்டு ஒத்துக்கொண்டாரே, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. நீங்களும் குடோன் வருவதற்கு முன்னால் ஒரு கார்டு போடலாம்.

சோகமா, சந்தோஷமா என்பது விஷயமே இல்லை என்று சொல்லத்தான் இத்தனை சுற்று. இரண்டு லாரிகளைப் பற்றிச் சொன்னால் இன்னும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதல் லாரி ‘அங்காடித் தெரு’வில் வருவது. 2010. நான் வேலையை விட்ட பிறகு திருநெல்வேலிக்குப் போய் டிக்கெட் வாங்கிப் பார்த்த படம். எங்கள் சீமைப் பிள்ளைகள் சென்னைக்குப் போய் ரங்கநாதன் தெருவில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே தேய்கிற கதை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் நாலு பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள். தீபாவளி முடிந்து ஊருக்கு வரும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். வசந்தபாலன் அந்த வீக்கத்தைப் படமாக எடுத்திருந்தார். அடிக்கிற சூப்பர்வைசர், அள்ளிப்போட்டுச் சாப்பிட விடாத மணியடிப்பு, படுக்க இடமில்லாத அறை என்று ஒவ்வொரு கஷ்டத்துக்கும் பின்னால் ஒரு ஆள், ஒரு கணக்கு இருந்தது. கடைசியில் காதலர்கள் இரண்டு பேரும் வேலை போய் நடைபாதையில் படுத்திருக்கும்போது லாரி ஒன்று ஏறி அந்தப் பெண்ணின் கால்கள் போய்விடுகின்றன. எனக்கு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் சத்தம் கேட்டது. தியேட்டரில் சைக்கிளே கிடையாது, கேட்டது எனக்குள்ளேதான். அதுவரைக்கும் கஷ்டத்தைக் கொடுத்தவர்கள் எல்லாரும் முகம் உள்ளவர்கள். லாரிக்கு முகம் இல்லை. முதலாளிமேல் வந்த கோபத்தை ஒரு விபத்து வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டதே என்று இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “ரோட்டுல படுத்தா வண்டி ஏறத்தான செய்யும். அதுகள ரோட்டுல படுக்க வச்சது யாரு? அவன்தான?” என்றாள். பேட்டையிலிருந்து வீடு வரைக்கும் வாக்குவாதம். இன்றைக்கும் அந்தப் படம் டிவியில் வந்தால் கரண்டியோடு வந்து நின்றுவிடுவாள். கால் போனவளையே அவன் கட்டிக்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தால் அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் லாரியைக் கொஞ்சம் முன்னாலேயே காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி.

இரண்டாவது லாரி ‘வாழை’யில் வருவது. 2024, ஸ்ரீவைகுண்டம் பக்கம். வாழைத்தார் சுமக்கிற வேலை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிது இல்லை. வயலில் சேறு முழங்காலுக்கு இருக்கும். தார் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். பால் பட்ட சட்டை எந்தச் சோப்புக்கும் போகாது. மாரி செல்வராஜ் படம் தொடங்கியதிலிருந்தே அந்த லாரியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிற தகராறு வருகிறது. தார் ஏற்றிய பாரத்துக்கு மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்ந்தபோது கொட்டகையில் யாரும் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லவில்லை. அது வரும் என்று எல்லாருக்கும் வயிற்றில் தெரிந்திருந்தது. வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் லாரி வந்தது. இரண்டாவது லாரியை அந்த ஒரு ரூபாய் இழுத்துக்கொண்டு வந்தது.

முடிவு தெரிந்துவிட்டால் ஜனம் எழுந்து போய்விடும் என்ற பயத்தில் இப்போதெல்லாம் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு திருப்பம் வைக்கிறீர்கள். கூடவே இருந்த நண்பன்தான் கொலைகாரன், அதற்கு ஒரு பிளாஷ்பேக், அந்த பிளாஷ்பேக்குக்குள் ஒரு பாட்டு. எங்கள் ஊரில் இந்தப் பயமே செல்லாது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள், 1799 அக்டோபர் 16. கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-ல் வந்த படம்; நான் சேர்ந்த பிறகும் பொங்கலுக்கோ எதற்கோ பெட்டி எடுத்துப் போடுவோம். தூக்குமரம் வரும்வரை ஒரு ஆள் எழுந்தது கிடையாது. கயிறு எப்போது வரும் என்று தெரிந்தவன்தான் ஒவ்வொரு வசனத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பான்.

கோயில் கொடையில், அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்துச் சாமிகள் பலபேர் அநியாயமாகச் செத்தவர்கள். கதை பூராவும் ஊருக்கே மனப்பாடம். ஆனாலும் நடுச்சாமத்துக்கு மேல் பாட்டை நடத்துகிற அண்ணாவி வில்லைத் தட்டும் வீசுகோலை ஓங்கிக்கொண்டு சாவுக் கட்டத்துக்கு வரும்போது, உடுக்கைச் சத்தம் ஏற ஏற, எங்கேயோ மூலையில் உட்கார்ந்திருந்தவன் மேல் சாமி இறங்கும். செத்தவன் அந்த நிமிஷம் எழுந்து வந்து ஆடுகிறான். நீங்கள் ‘சோகமான முடிவு’ என்று ஒதுக்குகிற இடத்தில்தான் எங்கள் ஆட்களுக்குச் சாமியே வருகிறது.

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இந்தக் கதையையும் ‘சரிசெய்ய’ ஆள் வந்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்ததுதான் என்று ஒரு ஒட்டுப் போட்டார்கள். நா. வானமாமலை, எங்கள் நாங்குநேரிக்காரர், கதைப்பாட்டைத் தேடிப் பதிப்பித்தவர், இந்த ஒட்டு பிறகு சேர்ந்தது என்று பிடித்துச் சொன்னார். யாரையும் சங்கடப்படுத்தாத கதையாக்கப் பார்ப்பது அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் கோயிலில் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் தொங்குவது செருப்புதான். ஒட்டு அங்கே நிற்கவில்லை.

இரண்டு பாக வியாபாரம் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ‘வட சென்னை’ 2018-ல் பார்த்துவிட்டு அடுத்த பாகம் எப்போது என்று கேட்டவன், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ‘இந்தியன் 2’ 2024-ல் முடிந்ததா முடியவில்லையா என்று எழுந்திருக்கும்போது மூன்றாம் பாகத்தின் டிரெய்லரை ஓட்டினார்கள். கொடையிலும் கதை இரண்டு மூன்று இரவுக்குப் போகும், அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வாழி பாடி, திருநீறு கொடுத்து அனுப்புவார்கள். பாதி வாக்கியத்தில் வில்லைக் கீழே வைக்கமாட்டார்கள். முழு டிக்கெட்டுக்கு அரைப்படம் காட்டுவதை எங்கள் ஊர்ப் பலகாரத்தின் பேரைச் சொல்லித்தான் தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். அதைத் திருநெல்வேலிக்காரனுக்கே கிண்டிக் கொடுக்கிறீர்களே, அந்தத் தைரியத்தைப் பாராட்ட வேண்டும்.

எங்களை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கையிலேயே கணக்கு இருக்கிறது. 2010 பிப்ரவரி 26-ம் தேதி கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வெளியிட்டார். தெலுங்கில் காதலர்கள் சேர்ந்தார்கள். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் பிரிந்தார்கள். பிரித்து அனுப்பியதற்காகத் தமிழ்நாட்டில் யாரும் பெஞ்சை உடைக்கவில்லை. 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’. எங்கள் திருநெல்வேலி சட்டக் கல்லூரி, எங்கள் ரயில் பாதை. சாதியால் அவ்வளவு அடி வாங்கியவன் கடைசியில் அரிவாளைத் தூக்கியிருந்தால் விசில் பறந்திருக்கும். கூடப் படித்த பெண்ணின் அப்பாவோடு நின்று பேசுகிறான். அப்புறம் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நடுவயசுக்காரர் ஒருத்தர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக எழுந்தவர், அந்த கிளாஸைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாதிக்காரர் என்று எனக்குத் தெரியாது. பெயர் போட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தேதியைக் குறித்துவிட்டுப் படம் எடுப்பதால் கிளைமாக்ஸுக்கு நாள் பத்தவில்லை, நடிகரின் இமேஜ், விற்றவனுக்குக் கொடுத்த வாக்கு, இப்படி உங்களுக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும். அதையெல்லாம் அனுபவிப்பவர்கள் நீங்கள், நான் உள்ளே வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை விவாதத்தில் யாராவது “சி சென்டர்ல ஏத்துக்க மாட்டாங்க” என்று சொன்னால், எந்த ஊர், எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி, ஆள் எந்த ரீலில் எழுந்து போனான் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது அவருடைய பயம். அதை அவர் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் பேரில் வேண்டாம்.

இப்படிக்கு,
டி.கே. ஏரியாவின் பழைய ஆபரேட்டர் ஒருவன்

பி.கு.: ஸ்டாண்டுக்காரரைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அவருக்கு இப்போது எழுபத்தாறு வயசு. கண் ஆபரேஷன் முடிந்து, மகன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பழைய படம் எது போட்டாலும் கடைசி அரைமணி நேரம் மட்டும்தான் பார்ப்பார். அதுதானே அவர் பார்க்காத பகுதி. முன்கதைக்கு எனக்குப் போன் போடுவார். போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். “வே, இந்தப் படம் நம்மகிட்ட ஓடுச்சில்லா? குடோனுக்குள்ள ஆட்டம் போடுதானுவ. இம்புட்டு மோசமாவா முடிச்சிருந்தானுவ? நாங்கூட அன்னைக்கு மழை வரும்னுதான் எல்லாரும் சைக்கிள எடுத்துட்டு ஓடுதானுவன்னு நெனச்சேன்.”